நீரடைப்பு

காரல் செத்தது மூன்றாம் நாள் விடியற்காலையில். ஒண்ணுக்கு போக முடியாமல்தான் அது செத்தது என்று எங்களுக்குத் தெரிய இன்னும் ஒரு மாதம் ஆனது. எங்களுக்கு என்றால் எனக்கும் அப்பாவுக்கும். அம்மாவுக்கு முதல் நாளே தெரிந்திருந்தது.

2018 மே மாதம். பாம்பனில் விசைப்படகுகள் எல்லாம் கரையோரம் கட்டிக் கிடந்தன. ஏப்ரல் 15இல் தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகில் கூலிக்குப் போகிற அப்பா வீட்டில் வலை பொத்திக்கொண்டிருந்தார். மதுரையில் கல்லூரி இரண்டாம் வருஷம் முடித்துவிட்டு நான் லீவுக்கு வந்திருந்தேன். காரலுக்கு அப்போது நான்கு வயது. வயிறு காரல் மீன் மாதிரி வெள்ளி நிறத்தில் மினுங்கும் கடுவன் பூனை. அப்பா கடலிலிருந்து திரும்பும்போதெல்லாம் அதற்கென்று ஒரு கை பொடிமீனைப் பையில் தனியாகப் போட்டுக்கொண்டு வருவார். தடைக்காலத்தில் அது நின்றுபோனது. நாட்டுப்படகு மீன் வரும்தான், ஆனால் விலை ஏறியிருக்கும், பூனைக்கு யார் வாங்குவார்கள்? கருவாட்டுத் தலையும், நான் மதுரையிலிருந்து பெருமையாக வாங்கி வந்த பாக்கெட் தீனியும்தான் அந்த ஒரு மாதம் அதன் சாப்பாடு.

வீட்டுக்குப் பின்னால் உடைமரத்தடி மணல்தான் அதன் கழிப்பறை. அன்றைக்குக் காலையில் அது மணலைப் பறித்து உட்கார்ந்தது. வால் நடுங்க ரொம்ப நேரம் உட்கார்ந்தது. எழுந்து இரண்டடி தள்ளி இன்னொரு குழி பறித்து உட்கார்ந்தது. இப்படியே ஏழெட்டுத் தடவை. நான் அதை வீடியோ எடுத்தேன், சிரித்துக்கொண்டே.

"வயிறு கட்டிக்கிருச்சு அதுக்கு. கருவாடா தின்னா வேற என்ன ஆகும்?" என்றார் அப்பா. மலச்சிக்கல் என்று முடிவானது. ஒரு சங்கு விளக்கெண்ணெயை நான் தலையைப் பிடித்துக்கொள்ள அப்பா புகட்டினார். பாதியை என் கையிலேயே துப்பியது. பக்கத்து வீட்டு அத்தை காய்ச்சல் மாத்திரை அரை கொண்டுவந்து கொடுத்தார். நல்லவேளை, விளக்கெண்ணெய் கொடுத்தாயிற்றே என்று அதைக் கொடுக்கவில்லை. பாராசிட்டமால் பூனைக்கு விஷம் என்பதை நான் பிறகுதான் படித்தேன். அந்த மருந்தை உடைத்து வெளியேற்றும் வேலையைப் பூனையின் கல்லீரலால் நம்முடையதைப் போலச் செய்ய முடியாது. அரை மாத்திரையே ஒரு பூனையைக் கொல்லலாம்.

சாயங்காலம் அது மணலை விட்டுவிட்டுக் குளியலறைச் சிமென்ட் தரையில் போய் உட்கார்ந்தது. அங்கே அது போனதே கிடையாது. எழுந்தபோது தரையில் ஒரே ஒரு சொட்டு, ரோஸ் நிறத்தில். பின்னங்காலைத் தூக்கி அடியை நக்கிக்கொண்டே இருந்தது. மறுநாள் ஒரு குரல் கொடுத்தது. பசிக்குக் கத்துவதுமில்லை, சண்டைக்குக் கத்துவதுமில்லை, அடிவயிற்றிலிருந்து வந்த வேறொரு குரல். அப்புறம் வலைக்குவியலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. ராத்திரி வாந்தி எடுத்தது. நான் கையை விட்டுத் தொட்டபோது காது சில்லென்றிருந்தது. தூங்குகிறது என்று நினைத்தோம்.

அப்பா உடைமரத்தடியிலேயே குழி வெட்டினார். அவர் வெட்டிய இடத்தைச் சுற்றிலும் காரல் பறித்த குழிகள் இருந்தன. ஒன்றில்கூட ஈரம் இல்லை.

ஜூன் கடைசியில் கல்லூரி திறந்தது. என் விடுதித் தோழி ஒருத்தியின் அக்கா கால்நடை மருத்துவம் படித்துக்கொண்டிருந்தார். தங்கையைப் பார்க்க வந்தவரிடம், பேச்சுவாக்கில் அந்த வீடியோவைக் காட்டினேன். பத்து விநாடிகூடப் பார்த்திருக்க மாட்டார். மூன்று கேள்வி கேட்டார். கடுவனா, பெட்டையா? கடைசியாக அது ஒண்ணுக்கு போனதை யார் பார்த்தது? அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தீர்களா?

முதல் கேள்விக்கு மட்டும்தான் என்னிடம் பதில் இருந்தது.

அவர் சொன்னதையும், அதற்குப் பிறகு இத்தனை வருஷத்தில் நானாகப் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். கடுவன் பூனையின் சிறுநீர்க் குழாய் நீளமானது, முனைக்கு வர வர ஒடுங்கிப்போவது. சிறுநீர்ப்பையில் மணல் மாதிரி படிகங்கள் உருவாகி, அழற்சியால் சுரக்கும் சளியோடு சேர்ந்து, பற்பசை பதத்தில் ஒரு அடைப்பானாகி அந்த ஒடுங்கிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். சில சமயம் சின்னக் கல். சில சமயம் கல்லும் இல்லை, மணலும் இல்லை, வீக்கமும் தசைப் பிடிப்புமே வழியை மூடிவிடும். வெளியே போக முடியாத சிறுநீர் சிறுநீர்ப்பையை ஊதவைக்கும். தொட்டால் அடிவயிற்றில் ஒரு எலுமிச்சம்பழம், பிறகு ஒரு சாத்துக்குடி உட்கார்ந்திருப்பதுபோல் கெட்டியாகத் தட்டுப்படும். அழுத்தம் பின்னோக்கிச் சிறுநீரகத்துக்கு ஏறும். சிறுநீரகம் வேலையை நிறுத்தினால் வெளியேற வேண்டிய கழிவு ரத்தத்திலேயே தங்கும். அதில் மோசமானது பொட்டாசியம். அது ஏற ஏற இதயத் துடிப்பு மெதுவாகி, ஒழுங்கு தவறி, நின்றுபோகும். முழு அடைப்பு விழுந்த பூனைக்கு ஒரு நாள், இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள்தான்.

காரல் மூன்று நாள் தாங்கியிருக்கிறது. நாங்கள் அதற்குப் பேதிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

இந்த நோய்க்குத் தமிழில் பேர் இல்லாமல் இல்லை. நீர்க்கடுப்பு, நீர்ச்சுருக்கு, நீரடைப்பு, கல்லடைப்பு, சதையடைப்பு என்று சித்த மருத்துவம் ஒவ்வொன்றையும் பிரித்தே வைத்திருக்கிறது. எரிச்சலோடு சொட்டுச் சொட்டாகப் போவதும், போகவே முடியாமல் அடைத்துக்கொள்வதும் வேறு வேறு என்பது நம் கிழவிகளுக்குத் தெரியும். ஆனால் அதெல்லாம் மனுஷருக்கு. பூனை முக்கினால் மலச்சிக்கல், அவ்வளவுதான். இரண்டுக்கும் உட்காரும் விதம் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் வளர்ப்பவர்கள் ஏமாறுவது உலகம் முழுக்க நடப்பதுதான் என்று அந்த அக்கா எனக்கு ஆறுதல் சொன்னார். எனக்கு ஆறுதலாக இல்லை.

டிசம்பர் லீவுக்கு ஊருக்கு வந்தபோது அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குழாய், அடைப்பு, பொட்டாசியம், எல்லாம். அவள் நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அது உக்காந்த உக்காரலப் பாத்தப்பவே தெரியும், அதுக்கு நீர்க்கடுப்புன்னு. எனக்கும் அப்படித்தான வரும்."

"ஏம்மா, அப்பவே சொல்ல வேண்டியதுதான?"

"சொல்லி? ரெண்டு நாளு கடுக்கும், பெறகு தானாப் போயிரும்னு நெனச்சேன். எனக்குப் போயிருதுல்ல."

அம்மா மீன் விற்கிறவள். விடியுமுன்னே கரைக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்து, கூடையோடு பஸ் ஏறி ராமநாதபுரம் போய், தெருத்தெருவாக விற்றுவிட்டுத் திரும்ப மத்தியானம் இரண்டு, மூன்று ஆகும். அதுவரை ஒண்ணுக்கு போக இடம் கிடையாது. மீன் வாங்குகிற வீட்டில் கேட்க முடியாது. கூடையைத் தெருவில் வைத்துவிட்டு எங்கும் போகவும் முடியாது. அதனால் அவளும் அவளோடு போகிற மற்றப் பெண்களும் காலையில் தண்ணீரே குடிப்பதில்லை. வெயிலில் அலைந்து, தண்ணீர் குடிக்காமல், வந்ததையும் அடக்கி வைத்திருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. சின்ன வயதில் சில சாயங்காலங்களில் அம்மா கொல்லைக்குப் போவதும் வருவதுமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். வெந்தயத்தை மோரில் போட்டுக் குடித்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்துக்கொள்வாள். "உஷ்ணம்" என்பாள். நாங்கள் மேலே கேட்டதில்லை.

பெண்களின் சிறுநீர்க் குழாய் குட்டையானது. கிருமி எளிதாக ஏறிவிடும், அதனால் அடிக்கடி கடுக்கும். ஆனால் சாதாரணமாக அடைத்துக்கொள்வதில்லை. பெட்டைப் பூனைக்கும் குழாய் குட்டை, அகலம். அதற்குக் கடுப்பு வரும், ரத்தம் வரும், கல்கூட வரும், முழு அடைப்பு அபூர்வம். அம்மா தன் உடம்பை வைத்துக் காரலின் உடம்பைச் சரியாகப் படித்துவிட்டாள். நோய் என்ன என்பதில் அவள் தப்பவில்லை. கடுவனுக்கு அது தானாகப் போகாது என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியவில்லை. அதைவிட, தான் இருபது வருஷமாகப் பொறுத்துக்கொண்டிருக்கிற ஒன்றைப் பூனைக்காக வாய்விட்டுச் சொல்லலாம் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

அந்த லீவிலேயே அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். வர மாட்டேன் என்றாள். காரலைச் சொல்லித்தான் இழுத்துப் போக வேண்டியிருந்தது. சிறுநீர்ப் பரிசோதனை, ஐந்து நாள் மாத்திரை. நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார் டாக்டர். வெளியே வந்ததும் அம்மா என்னிடம் கேட்டாள்: "தண்ணி குடிச்சா போறதுக்கு எங்க போறது?"

பூனை விஷயத்திலும் எல்லாம் தண்ணீரில்தான் வந்து நிற்கிறது. வீட்டுப் பூனையின் மூதாதை மேற்காசியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் திரிந்த காட்டுப்பூனை. சைப்ரஸ் தீவில் ஏறத்தாழ 9500 வருஷத்துக்கு முந்தைய புதைகுழி ஒன்றில் மனிதனுக்குப் பக்கத்திலேயே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்து, 2004இல் அறிவித்தார்கள். நம்மோடு அத்தனை காலம் இருந்தும் அதன் சிறுநீரகம் மட்டும் வறண்ட நிலத்தை மறக்கவில்லை. சொட்டு நீரையும் உறிஞ்சிக்கொண்டு மிகக் கெட்டியான சிறுநீரைத்தான் வெளியேற்றும். தாகம் எடுப்பதும் குறைவு. இரையில் இருக்கும் நீரே அதற்குப் பெரும்பாலும் போதும். மீனோ இறைச்சியோ மட்டும் தின்று, தனியாகத் தண்ணீர் குடிக்காமலே பூனையால் சமாளிக்க முடியும் என்று 1959இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. எங்கள் ஊர்ப் பூனைகளுக்கு அந்த ஆய்வு தேவையில்லை. பச்சை மீனில் முக்கால் பங்கு தண்ணீர்தான். பாக்கெட்டில் வரும் உலர் தீனியில் பத்தில் ஒரு பங்குகூட இருப்பது சந்தேகம். கருவாட்டைச் சொல்லவே வேண்டாம். ஈரத்திலிருந்து உலர்ந்ததற்கு மாறும் பூனை, அந்த வித்தியாசம் முழுவதையும் குடித்து ஈடுகட்டுவதில்லை. சிறுநீர் இன்னும் கெட்டியாகிறது.

எங்கள் ஊரில் கல் என்றாலே உப்புத் தண்ணீர் மீதுதான் பழி விழும். மூன்று பக்கம் கடல், கிணற்றில் உவர்நீர், வேறு எதைச் சொல்வார்கள்? ஆனால் பூனையிடம் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரின் ருசியை அல்ல, உடம்புக்குள் போகும் அளவை.

மருத்துவர்களும் இந்த நோயைப் புரிந்துகொள்ளத் தடுமாறித்தான் வந்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் தீனியில் உள்ள சாம்பல் சத்துதான் காரணம் என்றார்கள். பிறகு மக்னீசியம் என்றார்கள். ஸ்ட்ருவைட் என்ற வகைக் கல்லைத் தடுக்க, 1980களில் தீனி தயாரிப்பவர்கள் மக்னீசியத்தைக் குறைத்து, சிறுநீர் புளிப்பாகும்படி சேர்மானத்தை மாற்றினார்கள். ஸ்ட்ருவைட் குறைந்தது. கால்சியம் ஆக்சலேட் கற்கள் கூடின. அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1981 முதல் விலங்குகளின் கற்களை மட்டுமே வாங்கிச் சோதிக்கும் ஒரு மையம் இருக்கிறது. இந்த மாற்றத்தைக் காட்டிக் கொடுத்தவை அங்கே வந்து குவிந்த கற்கள்தாம்.

எனக்கு வியப்பாக இருந்தது இன்னொன்று. இந்த அறிகுறிகளோடு வரும் பூனைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்குக் கல்லும் இல்லை, கிருமியும் இல்லை. சிறுநீர்ப்பை காரணம் தெரியாமல் அழன்று கிடக்கிறது. ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டன் என்ற கால்நடை மருத்துவர் பல வருஷம் இதை ஆராய்ந்து, சிக்கல் சிறுநீர்ப்பையில் மட்டும் இல்லை, பயமும் பதற்றமும் அந்தப் பூனைகளின் உடம்பு முழுக்க வேலை செய்கின்றன என்றார். அதற்குப் பண்டோரா நோய்க்கூட்டம் என்று பேர் வைத்தார். வீடு மாறுவது, புதுப் பூனை வருவது, சாப்பாட்டு நேரம் தவறுவது, பழகிய ஆள் காணாமல் போவது, எப்போதும் இல்லாத ஆள் வீட்டிலேயே இருப்பது. இதைப் படித்ததும் தடைக்காலம்தான் ஞாபகம் வந்தது. படகுச் சத்தம் நின்று, மீன் நின்று, அப்பாவும் வேலையில்லாத ஆண்களும் நாள் முழுக்க வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த ஒரு மாதம். காரலுக்கு அதுதான் காரணமா என்று இனி யாரும் சொல்ல முடியாது. எதையும் சோதிக்காமல்தான் புதைத்தோம்.

2023 அக்டோபரில் சூடைக்கு வந்தது. சூடை இரண்டரை வயதுக் கடுவன். நான் அப்போது வேலைக்காகச் சென்னையில் இருந்தேன். காலை ஏழு மணிக்கு அம்மா போன் செய்தாள். ஏழு மணிக்கு அவள் பஸ்ஸில் இருக்க வேண்டியவள்.

"சூடை மூணு குழி பறிச்சிருக்கு. மூணும் காஞ்சு கெடக்கு. நேத்து ராத்திரி கடைசியாப் போனது. வயித்தத் தொட்டேன், எலுமிச்சங்காயாட்டம் இருக்கு. நான் இன்னைக்கு ஏவாரத்துக்குப் போகல."

அப்பாவுக்கு மனசில்லை. "பூனைக்குக் காரு வாடகையா?" என்று பின்னால் அவர் கேட்டது போனில் எனக்குக் கேட்டது. அம்மா பதில் சொல்லவில்லை. அந்த மாதச் சீட்டுக் கட்ட வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டாள். மீன் கொண்டுபோகும் பிளாஸ்டிக் கூடையில் பழைய சேலையை விரித்துச் சூடையை வைத்து, மேலே வலைத்துண்டைக் கட்டினாள். பாலம் தாண்டி ராமநாதபுரம். அங்கே டாக்டர் தொட்டுப் பார்த்தவுடனே அடைப்பு என்று சொல்லி, அடிவயிற்றில் ஊசி போட்டுக் கொஞ்சம் சிறுநீரை இழுத்து அழுத்தத்தைக் குறைத்தார். குழாய் போட வேண்டும், ரத்தம் பார்க்க வேண்டும், மதுரைக்குப் போங்கள் என்றார். அங்கிருந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல். மதுரையில் சலைன் ஏற்றி, மயக்கம் கொடுத்து, மெல்லிய கத்தீட்டரை நுழைத்து உப்புநீரால் அடைப்பைக் கழுவித் தள்ளினார்கள். பையில் இறங்கியது சிவப்பாக இருந்தது என்றாள் அம்மா. இரண்டு நாள் குழாயோடு வைத்திருந்தார்கள். அம்மா அந்த இரண்டு நாளும் வாசல் பெஞ்சிலேயே இருந்தாள்.

பிழைத்துவிட்டது என்று முடித்துவிட முடியாது. ஒரு முறை அடைத்த கடுவனுக்கு முதல் சில நாளிலேயே மறுபடி அடைக்கலாம், மாதங்கள் கழித்தும் அடைக்கலாம். திரும்பத் திரும்ப வந்தால் ஒடுங்கிய முனையை எடுத்துவிட்டுப் பெட்டைக்கு இருப்பதுபோல வாயை அகலமாக்கும் அறுவை சிகிச்சை இருக்கிறது. சூடைக்கு இதுவரை அது தேவைப்படவில்லை.

பூனை வளர்ப்பவர்களிடம் நான் சொல்வது அந்த அக்கா கேட்ட மூன்று கேள்விகளைத்தான். உங்கள் பூனை ஒரு நாளைக்கு எத்தனை முறை போகிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு. அடிக்கடி போய் உட்கார்ந்தாலும், ரொம்ப நேரம் உட்கார்ந்தாலும், பழகாத இடத்தில் போனாலும், அடியை ஓயாமல் நக்கினாலும், ரோஸாகச் சொட்டினாலும் அன்றைக்கே காட்ட வேண்டும். கடுவன் முக்கியும் எதுவும் வரவில்லை என்றால் அன்றைக்குக்கூட இல்லை, அந்த மணி நேரமே. வாந்தி, சோர்வு, சில்லென்ற காது இதெல்லாம் வந்துவிட்டால் ரொம்பத் தாமதம். கருத்தடை செய்து, வீட்டுக்குள்ளேயே இருந்து, உலர் தீனியே தின்று எடை போட்ட கடுவன்களுக்கு ஆபத்து கூடுதல். வயிற்றைப் பிதுக்கிப் பார்க்கக் கூடாது, சிறுநீர்ப்பை கிழிந்துவிடும். வாழைத்தண்டுச் சாறும் நெருஞ்சில் கஷாயமும் அடைத்த குழாயைத் திறக்காது, உள்ளே நீரைத்தான் கூட்டும். வயதான பூனை இதற்கு நேரெதிராக நிறையத் தண்ணீர் குடித்து நிறையப் போனால், அதுவும் நல்லதல்ல. சிறுநீரகமோ சர்க்கரையோ என்று பார்க்க வேண்டும்.

இப்போது தடைக்காலத்திலும் அம்மா சூடைக்கு மீன் வாங்குகிறாள். கிடைக்காத நாளில் தீனியைத் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கி வைக்கிறாள். காலையில் கரைக்குக் கிளம்பும் முன் டார்ச் அடித்து உடைமரத்தடி மணலைப் பார்க்கிறாள். ஈரமணல் கட்டி கட்டியாக நிற்கும், அதை எண்ணுகிறாள். பஸ் ஏறிய பிறகு எனக்குப் போன் வரும்.

"சூடை ரெண்டு தடவ போயிருக்கு."

"நீ தண்ணி குடிச்சியாம்மா?"

பஸ் இரைச்சலில் கொஞ்ச நேரம் பதில் வராது. போன மாதம்தான் சொன்னாள், கூடப் போகிற பெண்கள் நாலு பேரும் முறை வைத்துக்கொண்டிருக்கிறார்களாம். பஸ் ஸ்டாண்டில் ஒருத்தி கூடைகளைப் பார்த்துக்கொள்ள, மற்றவர்கள் காசு கொடுத்துப் போய்விட்டு வருகிறார்களாம். பிறகுதான் தெருவுக்குள் நுழைகிறார்களாம்.

"குடிச்சேன், அரைப் பாட்டிலு" என்றாள்.